கையில் வேறு வேலை இல்லாமல் பேப்பர் போடலாமா?

கேள்வி இதுதான்: 8 வருட அனுபவம். ஒரு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுகிறது. மேனேஜரோடு ஒத்துப்போகவில்லை. வேறு வேலை தேட நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. வங்கியில் 6 மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது. பேப்பர் போட்டு, அதாவது ராஜினாமா செய்து, வேலையை விட்டுவிட்டு அப்புறம் தேடலாமா?

விடலாம். ஆனால் உங்களிடம் இருப்பது 6 மாதம் அல்ல. மூன்று, மிஞ்சிப்போனால் மூன்றரை. தைரியம், பயம், மனசு சொல்வதைக் கேட்பது எல்லாவற்றையும் பேசுவதற்கு முன்னால் இந்த ஒரு கணக்கைப் பேசிவிட வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நானே இரண்டு முறை இப்படி விட்டிருக்கிறேன். முதல் முறை சொதப்பினேன், இரண்டாம் முறை பரவாயில்லை. அதற்கப்புறம் பல வருடம் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்து, இப்படி விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் முறை விட்டபோது ஒரு நோட்டில் கணக்குப் போட்டேன். கையிருப்பு மேலே, மாதச் செலவு கீழே, வகுத்தால் 8. அந்த எட்டைச் சுற்றி பேனாவால் இரண்டு வட்டம் போட்டது இன்னும் நினைவிருக்கிறது. 8 மாதம்! உலகமே கையில் இருக்கிற மாதிரி இருந்தது. அந்த எட்டு ஒன்றல்ல, மூன்று விதத்தில் தப்பு.

ஒன்று, மாதச் செலவு என்று நான் எழுதியது மாதாமாதம் கண்ணில் படுகிற செலவை மட்டும். வாடகை, ஈஎம்ஐ, மின்சாரம், சாப்பாடு. வருடத்துக்கு ஒரு முறை வரும் இன்சூரன்ஸ் பிரீமியம், பிள்ளைகளின் ஃபீஸ், திடீரென்று படுத்துக்கொள்ளும் வண்டி, பல் டாக்டர் எதுவும் அதில் இல்லை. சரியான வழி, கடந்த 12 மாத பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்து, வெளியே போன மொத்தப் பணத்தைக் கூட்டி 12-ஆல் வகுப்பது. மனதில் இருக்கும் தொகையைவிட அது எப்போதும் அதிகமாகத்தான் வரும். வேலையோடு போய்விடும் மருத்துவக் காப்பீட்டுக்குப் பதிலாக நீங்களே எடுக்கப்போகும் காப்பீட்டையும் அதில் சேர்க்க வேண்டும். இப்படிப் போட்டதும் என் எட்டு ஆறரை ஆனது. ஆனால் இதை நான் செய்தது விட்டு இரண்டு மாதம் கழித்து.

இரண்டாவது, பணம் தீரும் நாளைக் கெடுவாக வைத்தேன். வேலை கிடைத்த அன்றைக்கே சம்பளம் வந்துவிடாது. கடைசி ரவுண்ட் முடிந்து ஆஃபர் லெட்டர் வர ஒரு வாரம், இரண்டு வாரம். பின்னணி சரிபார்ப்பு. சேரும் தேதி. மாதத்தின் நடுவில் சேர்ந்தால் முதல் முழுச் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான். “செலக்ட் ஆயிட்டீங்க” என்ற போனுக்கும் கணக்கில் சம்பளம் விழுவதற்கும் நடுவே இரண்டு மாதம் ஓடிவிடுவது சர்வசாதாரணம்.

மூன்றாவதுதான் முக்கியம், அதை யாரும் நோட்டில் எழுதுவதில்லை. பயம் வரும் நாள். என் அனுபவத்தில், கையிருப்பு இரண்டரை மாதச் செலவுக்குக் கீழே இறங்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்லும் சக்தி போய்விடுகிறது. பணம் இருக்கும், ஆனால் தேர்ந்தெடுக்கும் நிதானம் இருக்காது.

எனக்கு ஐந்தாவது மாதம் ஒரு ஆஃபர் வந்தது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு. இண்டர்வியூவில் நான் பேசிக்கொண்டிருந்தபோது எதிரே இருந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நிமிர்ந்து, “நம்ம ஆபீஸ்ல டைம் எல்லாம் பார்க்க மாட்டோம், எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி” என்றார். நான் எதிலிருந்து தப்பி வந்தேனோ அதேதான் எதிரே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். பத்து மாதம் தாக்குப்பிடித்தேன். எந்தத் தப்பும் அந்தக் கம்பெனியின் மேல் இல்லை. அவர் ஒளிக்காமல் சொல்லித்தான் எடுத்தார்.

ஆக, கணக்கு இப்படி. உண்மையான மாதச் செலவால் கையிருப்பை வகுங்கள். வருவதில் இரண்டரை மாதத்தைக் கழித்துவிடுங்கள், அதைத் தொடக்கூடாது. மீதி இருப்பதுதான் நீங்கள் நிதானமாகத் தேடக் கிடைக்கும் காலம். உங்கள் 6 மாதம் இப்படித்தான் மூன்றாகிறது. வீட்டில் இன்னொரு சம்பளம் வருகிறது என்றால் கணக்கு நிறையவே மாறும். கடன் தவணை பெரிதாக இருந்தாலும் மாறும், எதிர்ப்பக்கமாக. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்றார்கள். குன்று மாள்வதற்கு முன்னாலேயே அதன்மேல் உட்கார்ந்திருப்பவனின் தூக்கம் போய்விடும் என்பதை அவர்கள் சொல்லவில்லை.

சரி, அடுத்து. விட வேண்டியது வேலையைத்தானா?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டின் 11-வது பதிப்பில் ‘பர்ன் அவுட்’ என்பதற்கு ஒரு வரையறை கொடுத்தது. நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றது. மூன்று அடையாளங்கள்: சக்தி முழுக்க வடிந்துபோவது, வேலையிலிருந்து மனசு விலகிப்போவது அல்லது அதன்மேல் கசப்பு வருவது, செய்கிற காரியத்தில் திறன் குறைவது. இந்த மூன்றும் இருந்து, ஒரு வாரம் பத்து நாள் லீவு எடுத்துவிட்டு வந்த இரண்டாம் நாளே பழையபடி ஆகிவிட்டால், பிரச்சினை வேலையில்தான் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். லீவிலும் அதே தூக்கமின்மை, அதே படபடப்பு என்றால் முதலில் பார்க்க வேண்டியது டாக்டரை. வேலையை விட்டும் அது கூடவே வீட்டுக்கு வரும். காப்பீடு இருக்கும்போதே டாக்டரைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனமும்கூட.

மேனேஜர் ஒருவர்தான் பிரச்சினை என்றால், வேறு டீமுக்கு மாற்றல் கேட்டீர்களா? கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று விட்டுவிடுகிறோம். போகவே முடிவெடுத்த பிறகு அவர்கள் என்ன நினைத்தால் என்ன? சம்பளமில்லா லீவு இரண்டு மாதம் கேட்கலாம். வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்கலாம். பத்தில் எட்டு இடத்தில் முடியாது என்பார்கள். கேட்பதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

சில இடங்களில் இந்தக் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. பொய்க் கணக்கில் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள், பாலியல் தொல்லை, உயிருக்கு ஆபத்தான வேலையிடம், மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. இவற்றில் எதுவானாலும் முதலில் வெளியே வாருங்கள், அல்லது சட்ட ஆலோசனை கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். சம்பளம் வராத வேலை என்பதே வேலை கிடையாது. அங்கே காத்திருப்பவர்கள் தங்கள் சேமிப்பை அந்தக் கம்பெனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“ஒரு வேலையில் இருந்துகொண்டே இன்னொன்று தேடு, விட்டுவிட்டால் மதிப்புப் போய்விடும்” என்பார்கள். இதில் எவ்வளவு உண்மை?

கொஞ்சம் உண்மைதான். அமெரிக்காவில் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், 100 பெருநகரப் பகுதிகளில் இருந்த சுமார் 3,000 வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். வேலையில்லாமல் இருந்த காலத்தை விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் குலுக்கல் முறையில் மாற்றி எழுதினார்கள். 2013-ல் வெளியான முடிவு: காலம் கூடக்கூட இண்டர்வியூ அழைப்பு குறைந்தது, அந்தச் சரிவில் பெரும்பகுதி முதல் 8 மாதத்திலேயே நடந்துவிட்டது. ஸ்வீடனில் இதே மாதிரி செய்து 2014-ல் வெளியிட்டார்கள். அங்கே, 9 மாதமும் அதற்கு மேலும் சும்மா இருந்தவர்களுக்குத்தான் அழைப்பு குறைந்தது, அதுவும் உயர்திறன் தேவைப்படாத வேலைகளில். என்றோ இருந்த பழைய இடைவெளி, அதற்குப் பின் வேலை செய்திருந்தால், பாதிக்கவே இல்லை. பட்டம் பெற்ற பெண்களின் பெயரில் அலுவலக வேலைகளுக்கு அனுப்பிய விண்ணப்பங்களில் இடைவெளியால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்று 2016-ல் இன்னொரு ஆய்வு வந்தது.

அமெரிக்க ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. வேலைகள் நிறையக் கிடைக்கும் ஊர்களில்தான் இடைவெளி அதிகம் உறுத்தியது. நிலைமை மோசமாக இருந்த ஊர்களில் அவ்வளவாக இல்லை. யோசித்தால் நியாயம்தான். எல்லோருக்கும் வேலை கிடைக்கும் நேரத்தில் ஒருவருக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால்தான், ஆள் எடுப்பவருக்கு ‘ஏன்?’ என்று தோன்றும்.

மேசையின் அந்தப் பக்கம் இருந்து நான் கண்டதும் கிட்டத்தட்ட இதேதான். மூன்று நான்கு மாத இடைவெளிக்கு ஒரே ஒரு கேள்வி கேட்போம், ஒழுங்காகப் பதில் வந்தால் நகர்ந்துவிடுவோம். ஒரு வருடம் தாண்டினால் இரண்டு மூன்று கேள்வி. அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று: பேப்பர் போட்ட பிறகும் வேலை செய்ய வேண்டிய காலம், அதாவது நோட்டீஸ் பீரியட், நீளமாக இருக்கும் துறைகளில் “நாளைக்கே சேர முடியும்” என்பவருக்கு ஒரு தனி மவுசு உண்டு. மூன்று மாதம் காத்திருந்தும் கடைசி நேரத்தில் பழைய கம்பெனியிடமே கூடுதல் சம்பளம் (கவுண்டர் ஆஃபர்) வாங்கிக்கொண்டு வராமல் போனவர்களால் சூடுபட்ட டீம்கள் ஏராளம். ஆனால் சம்பளம் பேசும்போது உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கும். வேலையில் இருப்பவர் “இதற்குக் குறைந்தால் வரவில்லை” என்று சொல்லிவிட்டு எழுந்துபோகலாம். நீங்களும் சொல்லலாம், உங்கள் கணக்கில் இன்னும் மாதங்கள் மீதி இருந்தால். மறுபடியும் அந்த நோட்டுக்கே வந்துவிட்டோம்.

முடிவே எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் ஊசலாடுபவர்களுக்கு ஒரு விசித்திரமான சோதனையைச் சொல்கிறேன். ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார நிபுணர், முடிவெடுக்கத் திணறுபவர்களை இணையத்தில் நாணயம் சுண்டவைத்தார். 20,000 முறைக்கு மேல் சுண்டப்பட்டது. வேலையை விடலாமா என்பதும் அதில் ஒரு கேள்வி. பெரிய முடிவுகளில், மாற்றம் செய்தவர்கள் 6 மாதம் கழித்து, செய்யாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். உடனே நாணயத்தை எடுத்துவிடாதீர்கள். அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இரண்டு பக்கமும் சமமாகத் தோன்றும் இடத்தில் நின்றவர்கள், தாங்களாகவே அந்தச் சோதனைக்கு வந்தவர்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது சின்ன விஷயம்: ஒரு வருடமாக ‘விடலாமா, விடலாமா’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் தேவைக்கு மேல் ரொம்ப நாள் உட்கார்ந்துவிட்டார்.

இனி, விட்ட பிறகு வரும் நாட்களைப் பற்றி. பணத்துக்கு அடுத்தபடி ஆட்கள் கவிழ்வது இங்கேதான்.

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சின்ன ஊர். ஊருக்கே சோறு போட்ட நெசவாலை 1929-க்குப் பிறகு மூடப்பட்டது. மரீ யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவோடு அங்கே போய்ப் பார்த்து, 1933-ல் அறிக்கை வெளியிட்டார்கள். வேலை போனால் மக்களுக்கு நேரம் நிறையக் கிடைக்கும், படிப்பார்கள், ஊர்க் காரியங்களில் இறங்குவார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது, கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும். ஆய்வாளர்கள் தெருவில் நின்று ஆட்கள் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள். பெண்கள் அப்படி இல்லை, அவர்களுக்கு வீட்டு வேலை காத்திருந்தது. கடிகாரம் வைத்துக்கொள்வதையே பல ஆண்கள் விட்டுவிட்டார்கள்.

அவர்கள் விருப்பப்பட்டு விட்டவர்கள் அல்ல, உங்கள் நிலைமை வேறு. ஆனாலும் அந்த நடையை நான் என்னிடமே பார்த்திருக்கிறேன். முதல் திங்கட்கிழமை காலை பழக்கத்தில் ஆறரைக்கு விழிப்பு வந்தது. எழுந்திருக்கத் தேவையில்லை என்ற நினைப்பே அவ்வளவு சுகமாக இருந்தது. மூன்றாவது திங்கட்கிழமை பதினோரு மணிக்கு எழுந்தேன். ஒரு விண்ணப்பம் அனுப்ப உட்கார்ந்து, ரெஸ்யூமேவில் எழுத்துருவை மாற்றிக்கொண்டிருந்தபோது இருட்டிவிட்டது. வேலையில் இருந்தபோது ராத்திரி பத்து மணிக்கு மேல் அரைமணி நேரத்தில் செய்து முடித்திருக்கக்கூடிய காரியம். தெம்பு இல்லாததால்தான் தேட முடியவில்லை என்று நினைத்திருந்தேன். தெம்பு வந்த பிறகும் தேடவில்லை. ஒரு நாளுக்கு முதுகெலும்பு மாதிரி இருந்தது ஆபீஸ்தான், எவ்வளவு திட்டினாலும்.

இரண்டாம் முறை இதைக் கொஞ்சம் கவனமாகச் செய்தேன். ஓய்வுக்கு மூன்று வாரம் என்று முடிவு தேதியோடு ஒதுக்கினேன். அந்த மூன்று வாரத்தில் லேப்டாப்பைத் தொடவில்லை, குற்றவுணர்ச்சியும் படவில்லை. அதற்கப்புறம் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை தேடல் மட்டும். மதியத்துக்கு மேல் அதைப் பற்றி நினைப்பதில்லை. வாரத்துக்கு இரண்டு பேரையாவது நேரில் பார்ப்பது, பழைய சகாக்களோ யாரோ. எனக்குக் கிடைத்த வேலை அப்படி ஒரு சந்திப்பிலிருந்து வந்ததுதான், விண்ணப்பம் போட்ட இடங்களில் ஒன்றிலிருந்தும் இல்லை. நாள் முழுக்க வீட்டில் இருப்பவருக்குத் தானாக வந்து சேரும் எடுபிடி வேலைகளைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். “சும்மாதானே இருக்க” என்ற வார்த்தை, சொல்பவர் எந்த அர்த்தத்தில் சொன்னாலும், மூன்றாவது மாதத்தில் வேறு மாதிரி காதில் விழும்.

பேப்பர் போடும் முறையைப் பற்றிச் சுருக்கமாக. நோட்டீஸ் பீரியடைச் சுமையாக நினைத்து, காசு கொடுத்தாவது சீக்கிரம் ஓடப் பார்ப்பார்கள். ஓடாதீர்கள். அந்த மாதங்களில் சம்பளம் வருகிறது, காப்பீடு இருக்கிறது, ரெஸ்யூமேவில் இன்னும் வேலையில் இருப்பவர், அதே சமயம் சேரும் தேதியும் கையில் உண்டு. தேடுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. முடிவு எடுத்துவிட்ட நிம்மதியில் பாதித் தூக்கம் நோட்டீஸிலேயே திரும்பிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். போனஸ், பங்கு ஒதுக்கீடு, பணிக்கொடை மாதிரி குறிப்பிட்ட தேதிக்குப் பிறகே உரிமையாகும் தொகைகள் இருக்கின்றனவா என்று நியமனக் கடிதத்தை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். மூன்று வாரம் பொறுக்காமல் ஒரு வருட போனஸை விட்டவர்கள் உண்டு. சம்பளச் சீட்டுகள், வரிக் கணக்குக்கான படிவங்கள், மதிப்பீட்டுக் கடிதங்கள் எல்லாவற்றையும் லாகின் இருக்கும்போதே எடுத்து வையுங்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வரும்வரை யாரிடமும் சண்டை வேண்டாம். கடைசிப் பேட்டியில் எச்ஆர் “மனம் திறந்து சொல்லுங்கள்” என்பார்கள். ரொம்பத் திறக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. வேலையோடு விசா கட்டப்பட்டிருந்தால் உங்கள் கெடுவை வங்கி இருப்பு தீர்மானிப்பதில்லை. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசா வைத்திருப்பவருக்கு வேலை முடிந்தபின் அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான். வேலையின்மை உதவித்தொகை தரும் நாடுகளிலும் தானாக விட்டவருக்கு உடனே கிடைத்துவிடாது. ஜெர்மனியில் தக்க காரணம் இல்லாமல் விட்டால் பொதுவாக 12 வாரம் உதவித்தொகை நிறுத்தப்படும். வேலை விசாவில் வெளிநாட்டில் இருப்பவர்கள் கையில் ஆஃபர் இல்லாமல் பேப்பர் போடுவதற்கு முன், கிளம்பிப் போகவும் தயார்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இண்டர்வியூவில் “ஏன் விட்டீர்கள்?” என்ற கேள்விக்கு இரண்டே வாக்கியம் போதும். “எட்டு வருடம் தொடர்ந்து வேலை செய்தேன், அங்கே என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன் என்று தோன்றியது. வேலையில் இருந்துகொண்டு அவசரத்தில் அடுத்ததைப் பிடிக்காமல், நிதானமாகத் தேட விரும்பினேன்.” நிறுத்திவிடுங்கள். இந்த நிறுத்தம்தான் கஷ்டம். எதிரே இருப்பவர் எழுதிக்கொண்டு பேசாமல் இருப்பார், அந்த மௌனத்தை நிரப்பப் பலர் மேனேஜரின் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது காரணத்தை அல்ல. இவர் இன்னும் அந்தக் கோபத்திலேயே இருக்கிறாரா, வெளியே வந்துவிட்டாரா என்பதைத்தான். உடம்பு சரியில்லாமல் விட்டிருந்தால், விவரம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. “சொந்தக் காரணம், இப்போது சரியாகிவிட்டது” போதும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரமே டாக்டரைப் பார்ப்பேன். 12 மாத ஸ்டேட்மெண்டை இன்று ராத்திரியே கூட்டுவேன். இன்றிலிருந்து எட்டு வாரம் கழித்து ஒரு தேதியைக் குறிப்பேன். அதுவரை வரும் சம்பளத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் ஒதுக்குவேன். மாலை ஆறரைக்கு மேல் போனை எடுக்க மாட்டேன். எப்படியும் போகப்போகிற இடம், அதிகபட்சம் என்ன செய்துவிடுவார்கள்? அந்த எட்டு வாரத்தில் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் குறித்த தேதியில் பேப்பர், அப்புறம் நோட்டீஸ் முழுவதும் இருந்துவிட்டு வெளியே. இப்படிச் செய்தால் உங்கள் மூன்று மாதம் ஆறேழு மாதத்துக்கு நீளும்.

அந்தத் தேதியை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த தேதி மூன்று முறை தள்ளிப்போனது. நான்காவது முறை ஒரு மீட்டிங்கின் நடுவில், எந்தத் தேதியும் இல்லாமல், கோபத்தில் எழுந்து போய்ப் போட்டேன். நோட்டில் அந்த எட்டை எழுதியது அன்றைக்கு ராத்திரிதான்.